ஒரு பேனரில் மூன்று சந்தானம்: பெயர் ஒன்றானதால் நேர்ந்த பிழை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று நடத்துகிறோம். மாதத்துக்கு ஒரு கூட்டம், வருடத்துக்கு ஒரு கண்காட்சி, அவ்வளவுதான். அரசியலமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டு 75 ஆண்டு நிறைவதை ஒட்டி, 2024 நவம்பர் 26 அன்று, அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்தும் தென்னகத்திலிருந்தும் இடம்பெற்றவர்களைப் பற்றி 18 பேனர்கள் வைப்பதென்று முடிவானது. அல்லாடி கிருஷ்ணசாமி, காமராசர், ஓமந்தூரார், அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்காபாய் எனப் பட்டியல் நீண்டது. அதில் கே. சந்தானமும் ஒருவர்.

வேலை செய்தவர்கள் நான்கு பேர். முதுகலை படிக்கும் மாணவி குறிப்புகளைத் திரட்டி எழுதினார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் படித்துத் திருத்தினார். நான் ஒருங்கிணைப்பாளர். அச்சுக்குக் கொடுப்பது, காசு கட்டுவது, சண்டை வந்தால் தீர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. நான்காமவர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர். எழுத்துப் பிழை கண்டால் எங்களைக் கேட்காமலே திருத்திவிடுவார். பெரும்பாலும் சரியாகவே திருத்துவார்.

ஆரம்பத்திலேயே எடுத்த ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். பேனர்களில் யாருக்கும் சாதிப் பின்னொட்டு வேண்டாம் என்றோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2021-இல் தலைவர்கள், அறிஞர்கள் பெயர்களின் பின்னாலிருந்த சாதிப் பெயர்களை நீக்கினார்கள். அதே வழியில் போவோம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இந்த முடிவு சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இதனால் கூடுகிற வேலையை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பேனர் எழுதப்பட்ட விதம்

சந்தானம் பேனரில் முதலில் இருந்தது இது:

"கே. சந்தானம் (1885–1980). கும்பகோணத்தில் பிறந்து, லாகூரில் வழக்கறிஞராகப் பணியாற்றிய பன்முக ஆளுமை. ஜாலியன்வாலாபாக் படுகொலை குறித்து காங்கிரஸ் நடத்திய விசாரணைக்குச் செயலாளர். லட்சுமி இன்சூரன்ஸ் நிறுவனர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். ரயில்வே இணை அமைச்சர். விந்தியப் பிரதேசத் துணைநிலை ஆளுநர். இரண்டாவது நிதிக் குழுவின் தலைவர். ஊழல் தடுப்புக் குழுவின் தலைவர். பொக்ரான் அணுச் சோதனை ஏற்பாடுகளிலும் பங்கு வகித்தார்."

இன்று படித்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாருக்கும் வரவில்லை. பிறந்த ஆண்டு ஒருவருடையது, இறந்த ஆண்டு இன்னொருவருடையது. இரண்டையும் சேர்த்தால் 95 வயது, நம்பக்கூடிய வயதுதான். பொக்ரான் வரிக்கு ஆண்டு போடவில்லை. ஆசிரியர் அதை 1974 மே 18-இல் நடந்த முதல் சோதனை என்று எடுத்துக்கொண்டார். 1980 வரை வாழ்ந்தவர் 1974-இல் ஏதாவது ஆலோசனை சொல்லியிருக்கலாம் என்று கடந்துவிட்டார். உண்மையில் அந்த வரி 1998-ஐப் பற்றியது. ஆண்டு மட்டும் இருந்திருந்தால் பேனர் அவர் மேசையைத் தாண்டியிருக்காது.

மாணவி மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து குறிப்பு எடுத்திருந்தார். மூன்றிலும் பெயர் கே. சந்தானம். ஒன்றில் இருந்தது மற்றொன்றில் இல்லை என்றதும், மூன்றும் முழுமையற்றவை, சேர்த்தால்தான் முழு வாழ்க்கை கிடைக்கும் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "பன்முக ஆளுமை" என்ற சொல்லை எழுதப் பழகிவிட்ட நாம் எல்லோரும் இதைத்தான் செய்திருப்போம். ஒரே ஆள் வக்கீல், இன்சூரன்ஸ் முதலாளி, அமைச்சர், ஆளுநர், அணு விஞ்ஞானி என்றால் வியப்போமே தவிர, சந்தேகப்பட மாட்டோம்.

நவம்பர் 17-ஆம் தேதி 18 பேனர்களும் அச்சாகி வந்தன. மறுநாள் ஆர்வத்தில் எல்லாவற்றையும் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம்.

முதல் சந்தேகம்

நவம்பர் 20 மாலை. பேனர்களை நூலகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். எல்.ஐ.சி.யில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் பேப்பர் படிக்க வருவார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேனரின் அருகே போய்ப் படித்தவர், லட்சுமி இன்சூரன்ஸ் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தபடி கேட்டார்:

"ஏம்பா, இந்த லட்சுமி இன்சூரன்ஸ்காரர் பார்ட்டிஷன் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே போயிட்டாரே. அவர் எப்படிப்பா அறுபத்திரெண்டுல கமிட்டி நடத்துனாரு?"

அவருக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.ஐ.சி. தொடங்கியபோது அதில் கரைந்தவை 245 நிறுவனங்கள். அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் பழைய நிறுவனங்களிலிருந்து வந்த ஊழியர்கள் இன்னும் மேசைகளில் இருந்தார்கள். யார் எந்தக் கம்பெனி, அதன் முதலாளி யார் என்பதெல்லாம் டீ நேரத்துப் பேச்சு. வரலாற்று ஆசிரியருக்கும் மாணவிக்கும் எனக்கும் கிட்டாத தகவல் அவருக்கு அப்படித்தான் கிட்டியிருந்தது.

ஆசிரியர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "கம்பெனி போயிருக்கும், ஆள் இருந்திருப்பார் சார்" என்றார். எல்.ஐ.சி. சார் அசையவில்லை. அப்புறம் உட்கார்ந்து தேடினோம்.

மூன்று பேர் யார்

தேடியதில் தெளிவானது இதுதான்.

முதலாமவர் பண்டிட் கே. சந்தானம், 1885–1949. கும்பகோணத்துக்காரர். இங்கிலாந்தில் படித்துவிட்டு லாகூருக்குப் போய் வழக்கறிஞரானார். 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு, அரசு அமைத்த ஹண்டர் குழுவை நம்பாமல் காங்கிரஸ் தனியாக விசாரணை நடத்தியது. காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, எம்.ஆர். ஜெயகர் ஆகியோர் விசாரித்த அந்தக் குழுவுக்குச் செயலாளராக இருந்தவர் இவர். 1924-இல் லட்சுமி இன்சூரன்ஸைத் தொடங்கினார். லாகூரில் அந்த நிறுவனம் கட்டிய லட்சுமி பில்டிங்கை வைத்துத்தான் அங்கே ஒரு சந்திப்புக்கே லட்சுமி சௌக் என்று பெயர் வந்தது. பிறகு பெயரை மாற்றியும் லாகூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் லாகூரின் சாப்பாட்டுக் கடைத்தெரு ஒன்றில் இன்னும் புழங்குகிறது என்பது எங்களுக்கு அன்று கிடைத்த உபரி லாபம்.

இரண்டாமவர் கஸ்தூரிரங்க சந்தானம், 1895–1980. எங்கள் பேனருக்கு உரியவர் இவர்தான். அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் பிரதிநிதி. 1948 முதல் 1952 வரை ரயில்வே, போக்குவரத்துத் துறைகளின் இணை அமைச்சர். 1952-இல் விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநரானார். ரீவாவைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்த மாநிலம் 1956 நவம்பர் 1 அன்று மத்தியப் பிரதேசத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. 1956-இல் அமைக்கப்பட்ட இரண்டாவது நிதிக் குழுவுக்குத் தலைவர். 1962-இல் லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்கும் தலைவர். இன்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் என்று ஒன்று இருப்பதற்கு அந்தக் குழுவின் பரிந்துரைதான் காரணம். 1964 பிப்ரவரியில் ஆணையம் உருவானது.

மூன்றாமவர் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் விஞ்ஞானி கே. சந்தானம். 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் நடந்த ஐந்து சோதனைகளுக்குத் தளத்தை ஆயத்தம் செய்த பணியில் முன்னின்றவர். ஹைட்ரஜன் குண்டுச் சோதனை எதிர்பார்த்த வலிமையைத் தரவில்லை என்று 2009-இல் வெளிப்படையாகச் சொன்னார். அணுசக்தித் துறை அதை மறுத்தது. அப்போது கிளம்பிய விவாதம் பலருக்கு நினைவிருக்கும். அரசியல் நிர்ணய சபைக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முதலிரண்டு பேரின் பெயரும் ஆங்கிலத்தில் வேறு வேறாகவே எழுதப்படுகிறது என்பதை இதற்குப் பிறகுதான் கவனித்தோம். லாகூர்க்காரர் 'டி'க்குப் பின்னால் 'எச்' போடுவதில்லை, மற்றவர் போடுவார். ஆங்கில நூல்களில் கண்ணில் படக்கூடிய அந்த ஒரே வேறுபாடும் தமிழுக்கு வரும்போது காணாமல் போகிறது. "சந்தானம்" என்று எழுத நமக்கு ஒரே வழிதான் உண்டு. கூடவே, "பண்டிட்" என்ற அடையை மாணவி மரியாதைச் சொல் என்று நினைத்து எடுத்துவிட்டார். பின்னொட்டை நீக்குவோம் என்று நாங்கள் சொன்னது அவர் கையில் முன்னொட்டுக்கும் நீண்டுவிட்டது.

முதல் திருத்தமும் அதில் புகுந்த பிழையும்

அன்றிரவே மாணவி புதிய குறிப்பு ஒன்றை அனுப்பினார். சூடு கண்ட பூனையாக, இம்முறை அளவுக்கு மேல் பிரித்துவிட்டார். அவர் கணக்கில் சந்தானங்கள் நான்கு: லாகூர் சந்தானம், அமைச்சர் சந்தானம், விஞ்ஞானி சந்தானம், பத்திரிகையாளர் சந்தானம்.

இந்த நான்காமவர் 1933 முதல் 1940 வரை இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆசிரியர், 1943 முதல் 1948 வரை இந்துஸ்தான் டைம்ஸ் இணை ஆசிரியர். "எழுதுகிற ஆள் வேறு, ஆளுகிற ஆள் வேறு" என்பது மாணவியின் வாதம். இன்னொரு சிக்கலும் இருந்தது. 1937 முதல் 1942 வரை டில்லி மத்திய சட்டசபையில் ஒரு கே. சந்தானம் உறுப்பினராக இருந்திருக்கிறார். லாகூரிலிருந்து டில்லி பக்கம் என்பதால் மாணவி அந்தப் பதவியை லாகூர்க்காரருக்குக் கொடுத்திருந்தார். பத்திரிகையாளருக்குக் கொடுக்க முடியாது, 1937 முதல் 1940 வரை இரண்டு வேலையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதே என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆசிரியர் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். பேனரில் ஆளைப் பிரித்து மறுபடி அச்சுக்குக் கொடுத்திருந்தால், மூவரை ஒருவராக்கிய பிழைக்குப் பதில் ஒருவரை இருவராக்கிய பிழை வந்திருக்கும். நல்லவேளையாகக் கடை அன்று பூட்டியிருந்தது.

மறுநாள் ஒரு சார்ட் பேப்பரை நெடுக விரித்தோம். மேலிருந்து கீழாக 1885 முதல் 2010 வரை ஆண்டுகள். ஒவ்வொரு பதவியையும் ஒரு சிறு சீட்டில் எழுதி, அதன் ஆண்டுக்கு நேரே வைத்தோம். பெயர் எதையும் எழுதவில்லை. பதவி, ஊர், ஆண்டு மட்டும்.

வைத்த பிறகு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. இந்துஸ்தான் டைம்ஸ் சீட்டு 1948-இல் முடிகிற இடத்தில், இணை அமைச்சர் சீட்டு 1948-இல் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஊர் டில்லி. இருவராக இருந்தால், ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவர் டில்லியில் மேசையைக் காலி செய்த ஆண்டிலேயே இன்னொருவர் அதே ஊரில் அமைச்சராகிறார். நடக்காது என்றில்லை, ஆனால் ஒரே ஆள் என்பதே எளிய விளக்கம்.

அடுத்தது 1937–42 சட்டசபைச் சீட்டு. பதிலை அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்பே வைத்திருந்தது. ஒவ்வொரு உறுப்பினரின் பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தொகுதியைப் போடுவது அந்தக் குறிப்பேடுகளின் வழக்கம். சந்தானத்துக்குப் பக்கத்தில் தஞ்சாவூர்–திருச்சிராப்பள்ளி என்று இருந்தது. லாகூர்க்காரர் அங்கே நிற்க வாய்ப்பில்லை. ஆக, எக்ஸ்பிரஸ் ஆசிரியராக இருந்தபடியே சட்டசபைக்கும் போனவர் கஸ்தூரிரங்க சந்தானம்தான். அன்றைய மத்திய சட்டசபை வருடம் முழுக்கக் கூடுவதில்லை. அங்கிருந்தவர்கள் வக்கீல் தொழிலையோ பத்திரிகையையோ விட்டுவிட்டு வந்தவர்கள் அல்ல. இன்றைய எம்.பி.யை மனதில் வைத்து அன்றைய உறுப்பினரை அளந்ததுதான் எங்கள் தவறு.

அன்று குறிப்பெடுத்த குமாஸ்தாக்களை நினைத்துக்கொண்டேன். பெயர் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெயரோடு இடத்தையும் சேர்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் குறிப்பெடுக்கும்போது முதலில் வெட்டியெறிந்தது அந்த அடைப்புக்குறியைத்தான்.

எடுத்த முடிவுகள்

நவம்பர் 21 இரவு உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்தோம். முதலாவது, சந்தானம் பேனரைக் கிழித்துவிட்டுப் புதிதாக அச்சடிப்பது. மேலே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்யலாம் என்று கடைக்காரர் சொன்னார், 200 ரூபாய் மிச்சம் என்றார். வேண்டாம் என்றோம். ஸ்டிக்கருக்கு அடியில் பொக்ரான் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் உரித்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, படம். முதல் பேனரில் போட்டிருந்த படம் மூவரில் யாருடையது என்று உறுதி செய்ய முடியவில்லை. ஆகவே புதிய பேனரில் படமே வேண்டாம் என்றேன். ஆசிரியருக்கு இதில் உடன்பாடில்லை. படம் இல்லாத பேனர் முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள், 18-இல் ஒன்று மட்டும் மொட்டையாகத் தெரியும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் எழுத்தில் இருக்கும் பிழையை அடுத்தவர் ஆண்டைப் பார்த்துப் பிடிக்கலாம். தவறான முகத்தைப் பிடிக்க ஆளே கிடைக்காது. படம் இருக்க வேண்டிய இடத்தில், சார்ட் பேப்பரில் செய்தது போல ஒரு காலக்கோட்டைப் போட்டோம்.

மூன்றாவது, சாதிப் பின்னொட்டு பற்றியது. பின்னொட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் இந்தக் குழப்பம் குறையுமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சந்தானம் விஷயத்தில் அது உதவியிருக்காது, மூவரின் பெயரும் ஆரம்பத்திலிருந்தே பின்னொட்டு இல்லாமல்தான் எழுதப்படுகிறது. மற்றவர்கள் விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ராமசாமிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தென்னிந்தியாவில் மூன்று ராமசாமிகள் ஒரே சமயத்தில் நிர்வாகத்தின் தலைமையில் இருந்தார்கள். சென்னை மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி, திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி, மைசூர் திவான் ஏ. ராமசாமி. ரெட்டியார், ஐயர், முதலியார் என்று சொல்லித்தான் அந்தத் தலைமுறை அவர்களைப் பிரித்துப் பார்த்தது. நான்காவது ராமசாமி, பெரியார், தன் பின்னொட்டைத் தானே எடுத்துப் போட்டவர்.

கடைசியில் பின்னொட்டு வேண்டாம் என்ற முடிவை மாற்றவில்லை. அது செய்துவந்த அடையாள வேலையைப் பதவியும் ஆண்டும் செய்யட்டும் என்றோம். பேனரின் தலைப்பிலேயே, பெயருக்குக் கீழே, அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்தக்கூடிய ஒரு பதவியை ஆண்டோடு போடுவது. சந்தானத்துக்கு "ரயில்வே இணை அமைச்சர், 1948–52".

மற்ற பேனர்களைத் திரும்பப் பார்த்தது

ஒன்றில் பிழை இருந்தால் மற்றவற்றிலும் இருக்கும். 17 பேனர்களையும் அதே சார்ட் பேப்பர் முறையில் பார்த்தோம். பெரும்பாலானவை தேறின. இரண்டு தேறவில்லை.

டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேனரில் "அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர்" என்று இருந்தது. அவர் அல்ல. அந்தப் பதவியில் இருந்தவர் வி.டி. கிருஷ்ணமாச்சாரி. இருவரும் தமிழர், இருவரும் அதே சபையில் இருந்தவர்கள், இருவரும் பின்னாளில் டில்லியில் பொருளாதாரம் சார்ந்த பெரிய பதவிகளை வகித்தவர்கள். டி.டி.கே. அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினர்; அப்புறம் வணிக, தொழில் அமைச்சர்; 1956 முதல் 1958 வரையும் மறுபடி 1963 முதல் 1965 வரையும் நிதி அமைச்சர். முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் எல்.ஐ.சி. பணம் போட்ட விவகாரத்தில் 1958-இல் பதவி விலகியவர். வி.டி. வேறு பாதையில் வந்தவர். 1927 முதல் 1944 வரை பரோடாவின் திவான், பிறகு ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் பணி, சமஸ்தானங்களின் தரப்பிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு வந்து 1947-இல் துணைத் தலைவர், 1953 முதல் 1960 வரை திட்டக் குழுவின் துணைத் தலைவர்.

துணைத் தலைவர் என்ற பதவிப் பெயரே இங்கே இரண்டு இடத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே ஆள் இரண்டு வெவ்வேறு அமைப்புகளில் துணைத் தலைவர். ஆண்டு இல்லாமல் "துணைத் தலைவர் கிருஷ்ணமாச்சாரி" என்றால் ஆளும் தெரியாது, அமைப்பும் தெரியாது. முதல் எழுத்தும் காப்பாற்றாது. வி.டி.யின் வி, கரூர்ப் பக்கத்து வாங்கல் என்ற ஊர். டி, தந்தை பெயர் திருவேங்கடாச்சாரி. டி.டி.கே.யின் இரண்டு டி-க்கும் விரிவு வேறு, திருவெள்ளூர் தட்டை. நாம் பேசும்போது எழுத்தைச் சொல்கிறோமே தவிர அதன் விரிவைச் சொல்வதில்லை.

மற்றொன்று என். கோபாலசாமி. ஜம்மு காஷ்மீரில் 1937 முதல் 1943 வரை பிரதமராக இருந்தவர், வரைவுக் குழு உறுப்பினர், ரயில்வே அமைச்சர், 1953-இல் மறைந்தவர். இணை அமைச்சர் சந்தானத்துக்கு மேலே துறையைக் கவனித்தவரும் இவர்தான். பின்னொட்டை எடுத்ததும் இவர் பெயர் 2006 முதல் 2009 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவரின் பெயரோடு எழுத்து மாறாமல் ஒத்துப்போனது. பேனர் வாசகத்தில் பிழை இல்லை, ஆனால் படம் தேர்தல் ஆணையருடையது. இந்தப் பிழைக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. படம் தேடிக் கொடுத்தது நான்.

கண்காட்சியும் பிறகும்

மூன்று பேனர்கள் மறுபடி அச்சாகி நவம்பர் 25 மாலை வந்தன. 26-ஆம் தேதி காலை கண்காட்சி தொடங்கியது. ஆசிரியர் பயந்ததுபோல, படமில்லாத சந்தானம் பேனர் முன்னால் கூட்டம் குறைவுதான். நின்றவர்கள் மட்டும் அதிக நேரம் நின்றார்கள். காலக்கோட்டை விரலால் தடவிப் படிக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் "எந்த சந்தானம், காமெடி சந்தானமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்த வகையில் எங்கள் எண்ணிக்கை நான்கைத் தொட்டது.

எல்.ஐ.சி. சார் வந்தார். புதிய பேனரைப் படித்தார். லட்சுமி இன்சூரன்ஸ் எங்கே என்று கேட்டார். அவர் அரசியல் நிர்ணய சபையில் இல்லையே சார் என்று மாணவி சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. பிழையைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசாக அவருடைய ஆளையே பேனரிலிருந்து தூக்கிவிட்டோம். பிறகு ஜனவரிக் கூட்டத்தில் லாகூர் சந்தானத்தைப் பற்றி அவரையே பேச வைத்தோம். முக்கால் மணி நேரம் பேசினார்.

சரியாகாத ஒன்றும் உண்டு. நவம்பர் 18-இல் வாட்ஸ்அப்பில் போட்ட பழைய படம். திருத்தியதைப் போட்டு, பழையதை அழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். எங்கள் குழுவில் அழித்தார்கள். ஆனால் அதற்குள் அது வெளியே போய்விட்டது. 2025 நவம்பரில், நாங்கள் போயிராத ஓர் ஊரிலிருந்து, நண்பர் ஒருவர் வழியாக, பள்ளிச் சுவர்ப் பத்திரிகை ஒன்றின் படம் எனக்கு வந்தது. அதில் கே. சந்தானம் (1885–1980), பன்முக ஆளுமை, லாகூர், ரீவா, பொக்ரான் எல்லாம் வரி மாறாமல் இருந்தது. எழுதிய பிள்ளையின் கையெழுத்து அழகாக இருந்தது. அந்தப் பள்ளி ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசித் திருத்தம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அது எத்தனையாவது நகல் என்று அவருக்கும் தெரியவில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது எங்கள் வட்டத்தில் குறிப்பெடுக்கும் தாளில் பெயருக்கான கட்டம் கடைசியில்தான் இருக்கிறது. முதலில் பதவி, அடுத்து ஆண்டு, அடுத்து எந்த அமைப்பு அல்லது தொகுதி, அப்புறம் பெயர். ஆண்டு கிடைக்காத வரி பேனருக்குப் போகாது, எவ்வளவு கவர்ச்சியான வரியானாலும். மாணவிக்கு இது எரிச்சலான வேலை. பாதித் தகவல் இப்படியே கழிந்துபோகிறது என்கிறார்.

இரண்டு மூலங்களைச் சேர்த்து ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது, இரண்டிலும் பொதுவாக உள்ள ஒரு பதவியாவது இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பெயர் மட்டும் பொது என்றால் சேர்க்கக் கூடாது. சந்தானத்தின் மூன்று குறிப்புகளுக்கும் பொதுவாக ஒரு பதவிகூட இல்லை. அதை முதல் நாளே பார்த்திருக்கலாம். பிரிப்பதற்கும் இதே கண்டிப்பு வேண்டும். வேலை வேறு வேறு என்பது மட்டும் ஆள் வேறு என்பதற்குச் சான்றாகாது. ஒன்றுசேராத ஆண்டோ ஊரோ காட்ட வேண்டும். மாணவியின் நான்காவது சந்தானம் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. சேர்த்ததில் வந்த பிழையை எல்.ஐ.சி. சார் போன்ற ஒருவர் எப்போதாவது பிடித்துவிடுவார். பிரித்ததில் வரும் பிழை கவனமாகச் செய்த வேலை போலவே தோற்றமளிப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சரிபார்ப்பவர் ஆசிரியர் மட்டும் என்றிருந்ததையும் மாற்றினோம். அச்சுக்குப் போகுமுன் தாள்களை ஒரு வாரம் நூலகத்தின் பேப்பர் மேசையில் கிளிப் போட்டு வைக்கிறோம். ரயில்வேயில் இருந்தவர், தபால் துறையில் இருந்தவர், கூட்டுறவு வங்கியில் இருந்தவர் என்று அங்கே தினமும் வருபவர்கள் பென்சிலால் குறித்துவிட்டுப் போகிறார்கள். பாதிக் குறிப்புகள் வம்பு. மீதி வேறெங்கும் கிடைக்காதவை. படம் எடுத்து அனுப்புவது கண்காட்சி முடிந்த பிறகுதான்.

பழைய மூன்று பேனர்களையும் கிழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தோம், கிழிக்கவில்லை. நல்ல ஃப்ளெக்ஸ், வீணாக்க மனம் வரவில்லை என்று கடைக்காரர் எடுத்துப் போனார். மழைக்காலத்தில் அவர் கடைக்குப் பின்னால் ஜெனரேட்டருக்கு மேலே சந்தானம் பேனர் கட்டியிருந்தது. எழுத்து உள்பக்கம் இருக்கும்படி திருப்பித்தான் கட்டியிருந்தார்.